காசிமேட்டுப் பேச்சுக்கு ஒரு போஸ்டர்

மே 12, திங்கள்

கத்திரி வெயில். காலையிலேயே பிளவுஸ் முதுகோடு ஒட்டிக்கொண்டது. மீன்பிடித் தடைக்காலம், பெரிய போட் எதுவும் கடலுக்குப் போகவில்லை. ஐஸ் கம்பெனியில் ஒரு மெஷின்தான் ஓடுகிறது, அதுவும் தடை இல்லாத சின்ன ஃபைபர் போட்டுக்காரர்களுக்காக. பில் போட நான், கேட்டில் வாட்ச்மேன். அவர் தூங்குகிறார். நான் பிளாக் எழுதுகிறேன்.

நேற்று 'காசிமேட்டுப் பேச்சு' படித்தவர்கள் ஏழு பேர். அதில் ஒன்று என் போன், ஒன்று ஆபீஸ் கம்ப்யூட்டர். ஐஸ் வாங்க வருகிறவர்கள் பேசுவதை அப்படியே எழுதுகிற பிளாக். ஊர் முழுக்கப் பேசுகிறது, படிக்கத்தான் ஆளில்லை.

சாயங்காலம் கொழுந்தன் ரீகன் சாப்பிட வந்தான். யூடியூப் சேனல் வைத்திருக்கிறான், அதனால் எல்லாம் தெரியும்.

"அண்ணி, மீன்காரம்மா ஐஸ் வாங்குன கதைய எவன் படிப்பான்? கத்தி, கஞ்சா, கேங்குன்னு போடு. வடசென்னைன்னா அத்தான் பாக்கறான்."

"நம்ம தெருல நீ எத்தினி கத்திய பாத்துகீறே?"

"அது வேற அண்ணி. வியூஸுக்கு சொல்றேன்."

இவர் தட்டைப் பார்த்தபடியே, "படிக்கவே ஆளில்ல, இன்னாத்துக்கு கண்ண கெடுத்துகினு கீறே?" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இவர் என் பிளாக்கைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. கோபத்தில் வாயை விட்டுவிட்டேன். தடை முடிந்து போட் கிளம்புவதற்குள் ஆள் சேரவில்லை என்றால் பிளாக்கை மூடிவிடுகிறேன் என்று. ரீகன் அதைப் போனில் ரெக்கார்ட் செய்துகொண்டான். பிசாசு.

மே 14, புதன்

தண்ணி லாரி வரவில்லை. பாத்திரம் அப்படியே.

ஆள் பிடிக்கும் வேலை:

– மாதா கோயில் வாட்ஸ்அப் குழுவில் லிங்க் போட்டேன். நாலைந்து கும்பிடு, ஒரு ரோஜாப்பூ குட்மார்னிங். திறந்து பார்த்தவர் எவருமில்லை.

– ஃபேஸ்புக்கில் ஓர் இலக்கியக் குழு. ஒரு சார் பதில் போட்டிருக்கிறார். "நல்ல முயற்சி. ஆனால் தமிழைக் கொலை செய்யாதீர்கள். நல்ல தமிழில் எழுதினால் வாசகர் வருவர்."

நல்ல தமிழாம். எனக்குத் தெரியாதா? இந்த டைரியில் என்ன எழுதுகிறேனாம்? ஆனால் மல்லிகா அக்கா பேசினால் மல்லிகா அக்கா பேசுவதுதான் வரும். மார்க்கெட்டில் மீன் விற்கிறவள், தினமும் ஐஸுக்கு என்னோடு சண்டை போடுகிறவள். அவள் வாயில் "இருக்கிறது" என்று வைத்தால் செருப்பைக் கழற்றுவாள். சினிமாவில் இதே பேச்சைக் கேட்டால் சிரிப்பு வருகிறது, எழுதினால் மட்டும் கூசுகிறதா? மாற்ற மாட்டேன். ஒரு எழுத்துகூட.

வயிறு எரிந்தது. கருவாட்டுக் குழம்பு வேறு அடிப்பிடித்துவிட்டது.

மே 15, வியாழன்

பஸ்சுக்கு நிற்கும்போது தோன்றியது. இந்த ஊரில் யாரும் படிப்பதில்லை என்று யார் சொன்னது? சுவரில் ஒரு சாவு போஸ்டர் ஒட்டினால் போதும். பால் வாங்க வந்தவர்கூட நின்று, பெயர், வயது, மகன், மருமகன், கடைசியில் அச்சகத்தின் பெயர்வரை படித்துவிட்டுத்தான் நகர்கிறார். எனவே போஸ்டர்.

கல்மண்டபத்தில் பஷீர் பாய் அச்சகம். போட்டோ கொடுத்தேன். அண்ணன் மகள் கல்யாணத்தில் எடுத்தது, பட்டுப்புடவை, நன்றாக இருப்பேன். பிலோமினா என்று பெயர். கீழே 'காசிமேட்டுப் பேச்சு'. அதற்கும் கீழே, போனில் ஸ்கேன் செய்தால் பிளாக் திறக்கிற கட்டம். அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தையும் வேண்டாம் என்றேன்.

"எல்லாரும் நின்னு பாக்கணும் பாய்."

"கவலப்படாத மா. நம்ம போஸ்டர்னா நிக்காத ஆளே கெடியாது. ஒட்டறதும் நம்ம பசங்களே ஒட்டிடுவாங்கோ."

அடித்ததும் ஒரு தடவை பார்க்கிறாயா என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, வேலைக்கு நேரமாகிவிட்டது.

மே 17, சனி

பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒப்பாரிச் சத்தம். யார் வீட்டிலோ என்று கதவைத் திறந்தால் மல்லிகா அக்கா. கையில் ரோஜா மாலை, பின்னால் மார்க்கெட் பெண்கள். வாயில் நுரையோடு நான்.

அக்கா என்னைப் பார்த்தாள். மாலையைப் பார்த்தாள்.

"அடிப்பாவி, உசுரோட கீறியா?"

"இன்னாக்கா ஆச்சு?"

"கல்மண்டபம் பூரா செவுத்துல நீதாம்மே கீறே."

ஓடினேன். கறுப்பு பார்டர். மேலே சிலுவை, இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி. நடுவில் பட்டுப்புடவையில் நான், சிரிப்பு வேறு. போஸ்டர் முன்னால் கூட்டம், ஆளாளுக்குப் போனைத் தூக்கிக் கட்டத்தை ஸ்கேன் செய்துகொண்டிருந்தார்கள். எந்தக் கோயில், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமாம்.

பஷீர் பாய் அசரவில்லை. "டிசைன் போடற புள்ள போட்டோவ பாத்தான், பேர பாத்தான், சிலுவ வெச்சுட்டான். நம்மாண்ட வர்றது எல்லாம் அத்தானே மா. செத்துட்டேன்னு எங்கனா ஒரு வார்த்த கீதா பாரு."

உண்மைதான். ஒரு வார்த்தைகூட இல்லை. இந்த ஊருக்கு மெழுகுவர்த்தியே போதும்.

வீட்டுக்கு வந்தால் பேண்டு செட்டுக்காரர் இவரிடம் எத்தனை ஆள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ரீகன் போனில் அழுதான். உயிரோடிருக்கிறேன் என்றதும் அழுகை நின்றது. "அண்ணி, செம கன்டென்ட். செத்தவங்க எழுந்து வந்தாங்கன்னு ஒரு வீடியோ போடலாம்." வைத்துவிட்டேன்.

மல்லிகா அக்கா மட்டும் போகவில்லை. டீயை ஊதிக்கொண்டே இருந்தாள், கண் இன்னும் ஈரம்.

"நீ பூட்டா நாங்க பேசறத யாரும்மே எயுதுவா?"

"உனக்கு எப்டிக்கா தெரியும்? நீ படிக்க மாட்டியே."

"எம்மருமவ படிப்பா. மதியம் கூடைய மூடிட்டு எல்லாம் சுத்தி குந்திக்குவோம். ஐஸுக்கு நான் சண்ட போட்டத படிச்சப்போ எதுர்வரிசக்காரி சிரிச்சு சிரிச்சு பொற ஏறிச்சு."

அந்த ஏழில் ஒன்று அவள் மருமகள் போன். அந்த ஒன்றுக்குப் பின்னால் ஒரு வரிசையே உட்கார்ந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. டீ டம்ளரைக் கழுவுகிற சாக்கில் உள்ளே போய் அழுதேன்.

மே 18, ஞாயிறு

பூசைக்குப் போனேன். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது இரண்டு பேர் என் கையைக் கிள்ளிப் பார்த்தார்கள்.

பிளாக்கில் திருவிழாக் கூட்டம். ஐஸ் பேரம் பற்றிய பதிவுக்குக் கீழே வரிசையாக ஆழ்ந்த இரங்கல். அந்த இலக்கிய சாரும் வந்திருக்கிறார். "மண்ணின் மொழியை அப்படியே எழுதிய அரிய எழுத்தாளர். பேரிழப்பு."

பதில் போட்டேன். "நன்றி சார். உயிரோடுதான் இருக்கிறேன். தமிழும் நலம்."

மே 19, திங்கள்

வெயில் குறையவில்லை. கூட்டம் குறைந்துவிட்டது. சாகவில்லை என்று தெரிந்ததும் எல்லோரும் கலைந்துவிட்டார்கள். இன்று பதினொரு பேர்.

ரீகன் வந்து அந்த ரெக்கார்டைப் போட்டுக் காட்டினான். என் குரல்தான், மூடிவிடுகிறேன் என்கிறது.

"சாவுக்கு வந்த கூட்டம்லாம் கணக்குல வராது அண்ணி."

"சர்தான், வராது. மல்லிகாக்கா வரிசையும் உன் கணக்குல வரல. வரவும் வராது. நான் மூட மாட்டேன், போடா."

இவர் சட்டையை மாட்டிக்கொண்டு போஸ்டரைக் கிழிக்கக் கிளம்பினார். தடுத்தேன். கம்பெனியில் ஐஸ் பெட்டிக்கு நம்பர் எழுதுகிற தடி மார்க்கரை எடுத்துக்கொண்டு நானே போனேன். மல்லிகா அக்கா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். என் முகத்துக்குக் கீழே பெரிதாக எழுதினேன்.

"இன்னாம்மே எயுதினே?"

படித்துக் காட்டினேன். "சாவல. உசுரோடத்தான் கீறேன். வந்து படி."

அக்கா தள்ளி நின்று பார்த்தாள். திருப்தி இல்லை. "சாவு போஸ்டர்னா கீய பேரு இருக்குமே, யாரு போட்டதுன்னு. அத்த காணோமே. எம்பேர போடு."

போட்டேன். இங்ஙனம், மல்லிகா.