உரக்கச் சொன்ன பெயர்

ஹார்லோ, கென்டக்கி
11 ஜூலை 1853

அன்புள்ள எபன் அண்ணாவுக்கு,

நலம். அண்ணி கொடுத்தனுப்பிய பன்றித் தொடைக்கறியை என் கட்சிக்காரர்களே தின்று தீர்த்துவிட்டார்கள். எனக்கு எலும்புதான் மிச்சம்.

ஆகஸ்டில் சட்டமன்றத் தேர்தல். நான் நிற்கிறேன்! அப்பா அம்மா போன பிறகு சோளம் விளைவித்து என்னை வக்கீலாக்கியவர் நீங்கள். ஓட்டுப் போட நீதிமன்ற மேடையேறி நீங்கள் என் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும், வேட்பாளர் வழக்கப்படி நான் எழுந்து குனிந்து உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அதற்காகவே புதுத் தொப்பி வாங்கியிருக்கிறேன்.

ஹன்னா விஷயத்தில் உங்களுக்குக் கோபம் என்று தெரியும். எஜமானி கிரேல் உயிலில் தன் அடிமை ஹன்னாவுக்கு விடுதலை எழுதினாள், ஹன்னாவின் குழந்தை லெட்டியின் பெயரை விட்டுவிட்டாள். குழந்தை தன் சொத்து என்று கிரேலின் வாரிசு வழக்குப் போட்டான், நான் அவன் வக்கீல். சட்டம் அவன் பக்கம். நான் என்ன செய்யட்டும்?

தங்கள் தம்பி,
ஜோசையா

---

மில் கிரீக்
17 ஜூலை

அன்புத் தம்பி ஜோசையாவுக்கு,

எலும்பு விஷயத்தைப் படித்து உன் அண்ணி சிரித்தாள். மீதியைப் படித்ததும் எழுந்து போய்விட்டாள்.

ஹன்னா இப்போது எங்கள் சமையலறையில்தான் படுத்துக்கொள்கிறாள். அம்மா காய்ச்சலில் கிடந்தபோது, கிரேல் வீட்டிலிருந்து வந்து உன்னை இடுப்பில் சுமந்தவள் அவள். "நீங்க சொன்னா சின்னவரு கேப்பாருய்யா" என்கிறாள்.

உன்னைத் தேர்தலில் நிறுத்துவதே அந்த வாரிசுதானே. நீ ஒரு வார்த்தை சொன்னால் லெட்டியை விட்டுவிடுவான். தேர்தலுக்கு முன்பே சொல். உன் பெயரை ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவனுக்கும் கேட்கும்படி கத்துகிறேன்.

உன் அண்ணன்,
எபன்

---

ஹார்லோ
2 ஆகஸ்ட்

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜெயித்துவிட்டேன். அதைச் சொல்ல எழுதவில்லை.

நீங்கள் படியேறுவதைப் பார்த்ததுமே எழுந்துவிட்டேன். எழுத்தர் "யாருக்கு?" என்று கேட்பதற்குள் தொப்பியைக் கழற்றி, குனிந்து, "ரொம்ப நன்றிண்ணா" என்றேன். நீங்கள் "வைலிக்கு" என்றீர்கள், என்னை எதிர்த்து நிற்பவருக்கு. "என்ன வக்கீலய்யா, கூடப் பொறந்தவரே கைவிட்டுட்டாரே!" என்று ஒருவன் கத்தினான். கூட்டமே சிரித்தது. வைலிகூட உங்களுக்கு நன்றி சொல்ல மறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேர்தல் நேரத்தில் வாரிசைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் பேசாமல் இருந்தேன். பதவியேற்றதும் பேசுகிறேன். அதற்குள் அப்படி என்ன அவசரம் உங்களுக்கு? ஊர் முன்னால் என்னை அழவைத்துவிட்டீர்கள். கோபம் தீர்ந்ததென்று ஒரு வரி எழுதுங்கள், போதும்.

தங்கள் தம்பி,
ஜோசையா

---

மில் கிரீக்
9 அக்டோபர்

ஜோசையாவுக்கு,

பதவியேற்றதும் பேசலாம் என்று எழுதியிருந்தாய். வாரிசு அதுவரை காத்திருக்கவில்லை. போன மாதம் லெட்டியை விற்றுவிட்டான், தெற்கே பருத்திக்காட்டுக்கு. எந்தப் பண்ணை என்று அவனுக்கே தெரியாதாம். படகுத்துறையில் ஹன்னா ஒவ்வொரு படகோட்டியிடமும், "எம்புள்ளைக்கு இருட்டுன்னா பயம்யா, யாராச்சும் பக்கத்துல படுத்துக்கச் சொல்லுங்கய்யா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். நான்தான் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

பண்ணையை விற்றாகிவிட்டது. ஹன்னாவை அழைத்துக்கொண்டு நானும் உன் அண்ணியும் ஆற்றைக் கடந்து, அடிமைமுறை இல்லாத ஓஹையோவுக்குப் போகிறோம். முகவரி தரப்போவதில்லை.

உன்மேல் கோபம் தீர்ந்தது என்று எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை.

ஒன்று மட்டும் தெரிந்துகொள். அன்று படியேறும்போதுகூட என் வாயில் உன் பெயர்தான் இருந்தது. மேலே வந்தபோது உன் பின்னால் அந்த வாரிசு சிரித்துக்கொண்டு நின்றான். நீ முந்திக்கொண்டு நன்றி சொன்னாய். அதை வாங்கிக்கொள்ள எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது, தம்பி.

எபன்