எஞ்சினை இறக்கும்வரை

அஜ்வத்,

அலுமாரியைக் கிளறாதே. போட்டை ஸ்டார்ட் பண்ணக் கொழுவும் சிவப்புக் கயிற்றை நான்தான் கொண்டு போகிறேன்.

அலையை வெட்டும், அடிப்பக்கம் வி வடிவான போட் வாங்கினாய், சந்தோஷம். நூற்றைம்பது குதிரைவலு எஞ்சினும் பூட்டினாய். ஆனால் யாரோ வெள்ளைக்காரன் குளத்தில் ஓட்டும் வீடியோவைப் பார்த்து, எஞ்சினைப் பின்பலகையில் நாலு விரல் உயர்த்தி வைத்தாயே, மூளை இருக்கிறதா உனக்கு? நேற்றுத் துறைமுக வாயிலில் திருப்பியதும் புரொப்பெல்லர் தண்ணீரை விட்டுக் காற்றைக் கடைந்தது. ஒரு திருக்கை எங்களை முந்திப்போய் நின்று, "என்ன காக்கா, எஞ்சின் பிழையா?" என்று தம்பி முறை கொண்டாடிக் கேட்டது. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

இதிலா இன்றைக்கு என் பேத்தியை ஏற்றிக்கொண்டு புறாமலைத் தீவுக்குப் போகப்போகிறாய்? அலைக்குள் புரொப்பெல்லர் அப்படிப் பிடி விட்டால் போட் கவிழும். எஞ்சினை நாலு விரல் இறக்கு, கயிறு தருகிறேன். அதுவரை ஏலாது.

குசினியில் பிட்டும் சூரைக் கறியும் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுக் கோபப்படு.

வாப்பா

மறந்துபோனேன்: இன்றைக்குப் பயணம் இல்லை என்றதும் உன் பெண்சாதி, "ஏன் மாமா இண்டைக்குப் போகேல்ல?" என்று கேட்டாள். உன் பிழையைச் சொல்ல மனம் வரவில்லை. துறைமுக வாயிலில் திமிங்கிலம் குறுக்கே படுத்திருக்கிறது என்றேன். நீயும் அதையே சொல். எஞ்சினை இறக்கியதும் அது எழும்பிப் போய்விடும்.