புதுக்கோழியைத் தனியாக வை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் எழுந்து நடமாடிக்கொண்டு, மூன்று வேளையும் ஏதோ ஒன்றைச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறேன், குறை ஒன்றும் சொல்வதற்கில்லை. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். பேரன் கோழி வளர்க்க ஆசைப்படுகிறான், வீட்டுக்குப் பின்னால் இடம் இருக்கிறது, கூடு எப்படிக் கட்டுவது, எத்தனை வாங்குவது, என்ன நோய் வரும் என்றெல்லாம் கேட்டு அனுப்பியிருந்தாய். ஒரு மாதமாகப் பதில் போடவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. நீ கேட்ட நேரத்தில் நம் வீட்டுக் கூடு காலியாகத்தான் இருந்தது. அதைச் சொல்லப் போனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டிவரும், அதனால் பேனாவை எடுப்பதும் மூடிவைப்பதுமாக நாளைக் கடத்தினேன். இன்று எழுதாமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் கூடு. நான் செய்த கூட்டைப் பார்த்துச் செய்யாதே. முப்பது வருஷம் வெல்டிங் பட்டறையில் கிடந்தவனிடம் கோழிக்கூட்டு வேலையைக் கொடுத்தால் என்ன ஆகும், ஆங்கிள் இரும்பும் கனக் கம்பியும் போட்டு நாலு பேர் சேர்ந்தாலும் நகர்த்த முடியாதபடி செய்துவிட்டேன். உன் அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கோழி என்ன கொலையா பண்ணிடுச்சு, இப்படி ஜெயில் கட்டி வெச்சிருக்கீங்களே என்று கேட்டாள். அந்தப் பேச்சு தெரு முழுக்கப் பரவி, கொஞ்ச நாள் என்னை ஜெயிலர் என்றே கூப்பிட்டார்கள். நீ மரத்தில் செய். தரையிலிருந்து முழங்கால் உயரம் தூக்கி வைத்தால் ஈரம் ஏறாது, எலி நுழையாது. கூரைக்குக் கீழே ஒரு சாண் அகலம் சுற்றிலும் வெறும் வலை மட்டும் அடி, குளிருகிறதே என்று பாவம் பார்த்து அதை அடைத்துவிடாதே, கோழிக்குக் குளிரைவிட அதன் எச்சத்தின் காட்டம்தான் கெடுதல், உள்ளேயே சுற்றினால் மூச்சுக்கோளாறு வந்துவிடும். உட்கார மணிக்கட்டுத் தடிமனில் ஒரு கழி போடு. முட்டையிட நாலு கோழிக்கு ஒரு பெட்டி போதும், எத்தனை வைத்தாலும் எல்லாம் ஒரே பெட்டிக்குத்தான் சண்டை போடும். கீழே மரச்சுருள் பரப்பி, நனைந்ததை அன்றன்றைக்கே அள்ளிவிடு. மூன்று, நான்கு வாங்கினால் போதும், ஒன்றை மட்டும் வாங்காதே, ஏங்கிப்போகும்.

அம்மா போன பிறகு பதினொரு கோழிகளையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். எனக்கு அதுகள் மேல் பெரிய பிரியம் எல்லாம் இருந்ததில்லை, உனக்கே தெரியும். ஆனால் காலையில் கதவைத் திறந்தால் ஓடி வந்து, எனக்குப் பின்னால் இன்னொரு ஆள் வருகிறதா என்று பார்ப்பதுபோல் நிற்கும். அப்புறம் தீனியைக் கொத்தும். ஒரு வேலையும் பார்க்காமல் மற்றதையெல்லாம் விரட்டிக்கொண்டே இருக்குமே ஒரு செவலைக்கோழி, அம்மா மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தாள், அதனிடம்தான் நான் தினமும் பேசுவது. பேச ஆள் வேண்டுமே. தீனி, தண்ணீர், சுத்தம் எல்லாம் சரியாகத்தான் செய்தேன். தடுப்பு மருந்தை மட்டும் இரண்டு தவணை விட்டுவிட்டேன். அதற்கெல்லாம் தேதி பார்த்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு நடப்பவள் அவள்தான்.

இரண்டரை மாதத்துக்கு முன்பு பின் தெருத் தையல்காரம்மா தன் மகன் வீட்டோடு போய்விட்டார். அங்கே ஐந்தாவது மாடி, கோழிக்கு இடமில்லை என்று தன் வெள்ளைக்கோழியை என்னிடம் விட்டுப் போனார். புதுக்கோழி வந்தால் ஒரு மாதம் தனியாக வைக்க வேண்டும் என்பது உன் அம்மாவின் சட்டம், பார்க்க நல்லாத்தான் இருக்கும், உள்ள என்ன இருக்கோ யாருக்குத் தெரியும் என்பாள். நானும் அதைப் பின்பக்கக் குளியலறையில் விட்டேன். தனிக் கிண்ணம், அதற்கென்று தனிச் செருப்பு, பழையதுகளைக் கவனித்த பிறகுதான் இதற்குத் தீனி. மூன்று நாள் அது கதவின் அடி இடுக்கில் அலகை வைத்துக்கொண்டு ஓயாமல் கத்தியது. நாலாவது நாள் சத்தம் நின்றுபோனது. போய்ப் பார்த்தால் கதவையே பார்த்தபடி சும்மா நின்றுகொண்டிருந்தது. நாலாவது நாள் என்றால் எனக்கு என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா அந்தத் தொற்றுநோய் வார்டில் இருந்தது நாலே நாள், அவள் கதவுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நான் கோழியைத் தூக்கிக்கொண்டு போய் மற்றதுகளோடு விட்டுவிட்டேன். வருவது வரட்டும், ஒரு உயிரைத் தனியாக அடைத்துவைக்க இனி என்னால் ஆகாது என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

இரண்டே நாளில் வெள்ளைக்கோழி இறக்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்தது. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தது. வாரம் முடிவதற்குள் மற்றதுகளும் வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்தன, இரண்டுக்குக் கழுத்தே திருகிக்கொண்டது. கால்நடை டாக்டர் சின்ன வயசுப் பெண், கூட்டுக்கு வெளியே நின்று பார்த்ததுமே வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லிவிட்டார், வந்த பிறகு இதற்கு மருந்து கிடையாதாம். ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைங்க, யாருக்கும் ஒண்ணுகூடக் கொடுக்காதீங்க, அக்கம்பக்கத்துல சொல்லிடுங்க என்றார். கோழி வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டுக் கேட்டுக்கும் வெளியே நின்று, என் வீட்டில் இப்படி ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு மூச்சு வாங்கும், குழி வெட்ட இரண்டு நாள் ஆனது. மேனேஜர் கடைசிவரை எழுந்து நிற்கப் பார்த்தது. கூட்டில் இருந்தது ஒன்றும் மிஞ்சவில்லை.

ஒன்றே ஒன்று மிஞ்சியது, அது கூட்டில் இல்லை. கறுப்புக்கோழி முன்னமே அடைக்கு உட்கார்ந்திருந்ததால் அதை முன் அறையில், கட்டிலுக்கு அடியில் ஒரு கூடையில் வைத்திருந்தேன். காலையில் முதல் தீனி அதற்குத்தான், அப்புறம்தான் கூட்டுப் பக்கம் போவேன். இதைச் சொன்னதும் டாக்டர், இனிமே நீங்க அந்த ரூமுக்குள்ள போகவே கூடாது, உங்க கையிலயும் செருப்புலயும்தான் நோய் இருக்கு என்றார். பக்கத்து வீட்டுத் தபால்காரர் மூன்று வாரம் வந்து தீனி வைத்தார். நான் ஹாலில் பாயைப் போட்டுக்கொண்டேன். என் வீட்டில், என் கட்டிலுக்கு அடியில் இருக்கிற கோழியை நான் வாசற்படியில் நின்று எட்டி எட்டிப் பார்த்தேன். அது என்னைப் பார்த்துக் குரல் கொடுக்கும்போது உள்ளே போகாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. பாசம் இல்லாதவன்தான் வெளியே நிற்பான் என்று அதுவரை நினைத்திருந்தேன். கறுப்பி பிழைத்துக்கொண்டது, இப்போதுகூட ஜன்னலுக்குக் கீழே மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறது.

பாப்பா, அன்று ஆஸ்பத்திரியில் வீட்டு ஆள் ஒருவர் மட்டும் கவச உடை போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் உள்ளே போய் வரலாம் என்றார்கள். நீதான் அங்கிருந்து டாக்டரைக் கூப்பிட்டு, எங்கப்பாவுக்கு வெல்டிங் புகையில நுரையீரல் கெட்டுப்போயிருக்கு, தயவுசெஞ்சு அவரை விடாதீங்க என்று தடுத்துவிட்டாய். ஒன்றரை வருஷமாக நான் உன்னோடு ம், சரி, அப்புறம் என்பதற்கு மேல் பேசாததற்குக் காரணம் அதுதான். அப்பா, என் மேல கோபமா என்று நீ கேட்டபோதெல்லாம் அப்படி ஒன்றும் இல்லை என்று சொன்னது பொய். அம்மாவைத் தனியாகச் சாகவிட்டவள் என்று மனசுக்குள் உன்னைத் திட்டியிருக்கிறேன், எழுதவே கை கூசுகிறது. ஒரே வாரத்தில் இரண்டு பேரையும் பறிகொடுத்துவிடுவோமோ என்று நீ அங்கே தனியாகப் பயந்துகொண்டு இருந்திருப்பாய், அது எனக்கு உறைக்கவே இல்லை. யோசித்துப் பார்த்தால், நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்பதற்காகத்தான் உன்மேல் கோபப்பட்டிருக்கிறேன். நீ செய்தது சரி. அப்பாவை மன்னித்துவிடு.

இன்னொன்று இருக்கிறது, இதை யாரிடமும் சொன்னதில்லை. மூன்றாம் நாள் வார்டு நர்ஸ் என்னைப் போனில் கூப்பிட்டு, அம்மாகிட்ட போனைக் கொடுக்கறேன், ரெண்டு வார்த்தை பேசுங்க என்றார். எனக்கு இருந்த கோபத்தில், போன்ல என்ன பேச்சு, உள்ள விட்டா நேர்ல பேசிக்கறேன் என்று வைத்துவிட்டேன். அதே போனில் நீ அவளோடு பேசினாய் என்று பிறகு தெரிந்தது. என்ன பேசினாள் என்று உன்னிடம் இதுவரை கேட்கவில்லை, கேட்க எனக்கு முகம் இல்லை.

நீங்கள் மூன்று பேரும் நல்ல சுகத்தோடும் மனநிறைவோடும் நீண்ட நாள் வாழ வேண்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. பேரனை என் சார்பில் ஒரு தடவை தூக்கிக் கொஞ்சு. கோழி வாங்கினால் தடுப்பு மருந்துத் தேதியைச் சுவரில் எழுதி ஒட்டு, பிறகு எத்தனை முறை வாங்கினாலும் புதுசை ஒரு மாதம் தனியாக வைக்க மறக்காதே, பேரன் அழுதாலும் வை. பதில் எழுதும்போது, அம்மா அன்று என்ன சொன்னாள் என்று எழுது. என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை என்றால், அதையும் மாற்றாமல் அப்படியே எழுது.

என்றும் உன் அப்பா