வச்சுக்கோ

மே 6

பிரியமுள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுவது. பத்திரமாக வந்து சேர்ந்தேன். விமானத்தில் அடைத்த காது இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. இங்கே யார் பேசினாலும் புரியாததற்குக் காது காரணமா, மொழி காரணமா என்று தெரியாமல் இருக்கிறேன்.

போன் இங்கே எடுக்காது. வாரம் ஒருமுறை தண்ணீர் லாரியில் தபால் பை நகரத்துக்குப் போகிறது. அங்கிருந்து உன் கைக்கு வர இரண்டு வாரம் ஆகும் என்கிறார்கள். நான் ஒன்று கேட்டு நீ பதில் சொல்வதற்குள் இங்கே எல்லாம் மாறியிருக்கும். பொறுத்துக்கொள்.

இது கல் உடைக்கிற ஜனங்களின் குடியிருப்பு. ஒரு பக்கம் மலையை வெட்டிய பள்ளம், மறுபக்கம் வரிசையாகத் தகரக் கூரைகள். எல்லோருக்கும் இருமல். எனக்கு ஒரு அறை, ஒரு மேசை, ஒரு நாற்காலி கொடுத்து ‘மருத்துவமனை’ என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். மேனேஜர் அண்ணன்தான் குழுத் தலைவர். வங்கியில் இருந்த பழக்கம் போகவில்லை. ஊழியத்தையும் கிளை அலுவலகம் மாதிரியே நடத்துகிறார். நம் சபையார் சேர்த்துக் கொடுத்த பெட்டிகளைப் பிரித்தோம். பாதிக்கு மேல் கம்பளிச் சட்டை. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஜனங்கள் முகம் கோணாமல் வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் பார்த்தால் அதையே சுருட்டிச் சும்மாடு கட்டி, மேலே கல் சுமக்கிறார்கள். அண்ணன் போட்டோ எடுத்துக்கொண்டு, “எப்படியோ உபயோகப்படுதே” என்றார்.

மொழிபெயர்க்க லாரி டிரைவர் ஒருவர் இருக்கிறார். எங்கோ நம் ஆட்களோடு வேலை செய்ததில் அரைகுறைத் தமிழ் வரும். நேற்று பெண்கள் சிலர் மூட்டையோடு இன்னொரு லாரியில் ஏறினார்கள். “எங்க போறாங்க?” என்றேன். “போறாங்க” என்றார். “திரும்பி வருவாங்களா?” தலையாட்டினார். “வர மாட்டாங்களா?” அதற்கும் தலையாட்டினார். நாங்கள் அவருக்குத் தலையாட்டி என்றே பெயர் வைத்துவிட்டோம்.

நான் எதற்கு வந்தேன் என்று இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. ஜெபத்தில் நினைத்துக்கொள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா

மே 24

அன்பான அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. எதற்கு வந்தோம் என்று அங்கே போய் யோசிக்கிறாயே, கிளம்பும் முன் நான் இதைத்தானே கேட்டேன். “சபை கூப்பிடுது, நர்ஸ் வேற யாரு இருக்கா?” என்றாய். ஓய்வு பெற்ற மறுமாதமே ஓடிவிட்டாய். மாடியில் உன் நடமாட்டம் கேட்காமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது. இவர்கூட, “அக்கா இருந்தா இந்நேரம் என்னைத் திட்டியிருப்பாங்க” என்கிறார், ஏக்கமாக.

கண்ணாடிக் கடையில் வேலை அதிகம். முதலாளி புதிய இயந்திரம் வாங்கியிருக்கிறார், நான்தான் ஓட்டிப் பழக வேண்டுமாம். நாளெல்லாம் மற்றவர்களுக்குப் பார்வை சரிசெய்துவிட்டு வீட்டுக்கு வந்தால் எனக்குக் கண் எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை போதகரம்மா என் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். சபை நடுவில், சத்தமாக. “கர்ப்பத்தின் கனியைத் தாரும் ஆண்டவரே.” இரண்டு முறை கொடுத்து எடுத்துக்கொண்டவரிடம் மூன்றாவது கேட்க எனக்கு வாய் வரவில்லை. டாக்டர் கையை விரித்ததும் அவர்களுக்குத் தெரியும். நான் கண்ணை மூடவே இல்லை, அவர்கள் வளையலையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீ இருந்திருந்தால் இருமி ஜெபத்தைச் சுருக்கியிருப்பாய்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் குட்டி

ஜூன் 7

என் குட்டிக்கு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு இருக்கும். இடுப்பில் பெண் குழந்தை, ஏறக்குறைய ஒரு வயது. இருமலுக்கு மருந்து வாங்க முன்பு இரண்டு தடவை வந்தவள்தான். நான் ஒருவருக்குக் காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். அது முடியும்வரை நின்றாள். பிறகு குழந்தையை என் மடியில் வைத்தாள். ஒரு வார்த்தை சொன்னாள். குழந்தையின் உச்சியை முகர்ந்து பார்த்துவிட்டு வெளியே போனாள். சளி பார்க்கத்தான் கொடுத்திருக்கிறாள் என்று நான் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வெளியே லாரி கிளம்பும் சத்தம். மத்தியானம் ஆயிற்று, சாயங்காலம் ஆயிற்று, அவள் வரவில்லை.

தலையாட்டியைக் கூப்பிட்டு அந்த வார்த்தையைச் சொல்லிக் காட்டினேன். “வச்சுக்கோ” என்றார்.

“வச்சுக்கோன்னா? எனக்கே குடுத்துட்டாளா? இல்ல, கொஞ்ச நேரம் பாத்துக்கச் சொன்னாளா?”

“ஆமா, ஆமா, வச்சுக்கோ.”

அவரை என்ன குறை சொல்ல? நம் பேச்சிலும் அப்படித்தானே. கடைக்காரர் மீதிச் சில்லறையைத் தள்ளி “வச்சுக்கோங்க” என்றால் ஒன்று. பஸ்ஸில் இடம் கிடைக்காதவர் பையை நீட்டி “வச்சுக்கோங்க” என்றால் வேறு. எனக்குப் புரியவில்லை, குட்டி.

மேனேஜர் அண்ணனுக்குச் சந்தேகமே இல்லை. “கர்த்தர் அனுப்பின பிள்ளை சிஸ்டர். உங்க தங்கச்சியை நினைச்சுப் பாருங்க” என்றார். நான் ஏற்கெனவே நினைத்துவிட்டேன். அதனால்தான் பயமாக இருக்கிறது.

குழந்தைக்கு நான்கு பல். மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்குவதே வேலை. கஞ்சி குடித்தாள். இப்போது என் தோளில் தூங்குகிறாள், ஒரு கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

அக்கா

ஜூன் 22

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கடையிலேயே பிரித்தேன். பிறகு லென்ஸ் ஒன்றை மாற்றி வெட்டிவிட்டேன். முதலாளி திட்டினார், நான் சிரித்தேன்.

இவரிடம் சொன்னேன். எழுந்து போய் உப்புத்தாள் எடுத்துவந்து சாப்பாட்டு மேசையின் நான்கு முனையையும் தேய்க்க ஆரம்பித்தார். “என்னங்க பண்றீங்க?” என்றேன். “பிள்ளை நிக்குதுன்னு அக்கா எழுதியிருக்காங்கல்ல, கண்ணுல இடிச்சுரும்” என்றார். அக்கா, இந்த மனுஷன் மரக்கட்டை என்று உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

சின்ன அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. போதகரம்மாவிடமும் சொல்லிவிட்டேன், சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ, அவர்கள் அன்றைக்கே சபையில் நன்றி ஜெபம் வைத்துவிட்டார்கள். பெயரும் வைத்துவிட்டோம். உனக்குச் சொல்ல மாட்டேன். முதலில் அவள் காதில்தான்.

எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், என்ன கையெழுத்து வேண்டும், எல்லாம் அண்ணனிடம் கேட்டுச் செய். அவளுக்குப் பல் முளைக்கிற நேரம், காய்ச்சல் வரும். பக்கத்திலேயே இரு.

குட்டி

ஜூன் 24

குட்டிக்கு,

உன்னிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. வருவதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

குடத்தில் தண்ணீர் விற்கிற பெண்மணி ஒருத்தி, கொஞ்சம் இங்கிலீஷ் பேசுகிறாள். அவளை இத்தனை நாள் நான் சரியாகக் கவனிக்கவில்லை. பெண்கள் தூரத்துத் தோட்டத்துக்கு அறுவடை வேலைக்குப் போயிருக்கிறார்களாம். மேஸ்திரி குழந்தைகளை லாரியில் ஏற்ற மாட்டானாம். மற்றவர்கள் மாமியாரிடமோ நாத்தனாரிடமோ விட்டுப் போகிறார்கள். குழந்தையின் அம்மாவுக்கு யாரும் இல்லை. அந்த வார்த்தைக்கு அவர்கள் மொழியிலும் இரண்டு அர்த்தமும் உண்டாம்.

“அப்போ திரும்பி வருவாளா?” என்றேன்.

“வரலாம். போன வருஷம் போனதுல ஒருத்தி வரல, அங்கேயே ஒருத்தனோட இருந்துட்டா. இவ எப்படின்னு எனக்கென்ன தெரியும்?”

இதற்குமேல் யாரைக் கேட்பது? அடுத்த மாதம் நடுவில் குழு கிளம்புகிறது. அதற்கு முன் நகரத்து அலுவலகத்தில் ‘கைவிடப்பட்ட குழந்தை’ என்று பதிந்துவிடலாம் என்கிறார் அண்ணன். நான் ஜெபிக்க உட்கார்கிறேன். அவள் வர வேண்டும் என்று ஆரம்பித்து, எங்கே முடிக்கிறேன் என்றே தெரியாமல் எழுந்துவிடுகிறேன். மனதை ரொம்பப் பறக்கவிடாதே, கண்ணு.

அக்கா

ஜூலை 8

அக்காவுக்கு,

குழந்தையைப் பற்றிய உன் இரண்டாவது கடிதம் இப்போதுதான் வந்தது. இவரிடம் காட்டவில்லை.

வரலாம் என்றுதானே அவள் சொன்னாள்? வருவாள் என்று சொல்லவில்லையே. தண்ணீர் விற்கிறவள் சொல்வதை வைத்து நீ ஏன் குழம்புகிறாய்? வருகிறவளாக இருந்தால் போகும்போது எப்போது வருவேன் என்று சைகையாலாவது காட்டியிருக்க மாட்டாளா? இங்கே வந்தால் அவள் படிப்பாள், கல் சுமக்க மாட்டாள், அந்தத் தூசியில் இருமிச் சாக மாட்டாள். இதுவும் இரக்கம்தானே? இதற்குத்தானே நீ போனாய்?

உன்னிடம் நான் எதையும் இதுவரை கேட்டதில்லை. அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல். அவ்வளவுதான் கேட்கிறேன்.

குட்டி

ஜூலை 27

என் குட்டிக்கு,

உன் கடிதம் இரண்டும் கையில் இருக்கின்றன. அறை, மேசை முனை, பெயர் வைத்தது எல்லாம் எழுதியிருந்த கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டுதான் அலுவலகத்துக்குப் போனேன். சரி என்று சொல்வதற்காகத்தான் போனேன். அதை முதலில் நீ தெரிந்துகொள்.

மின்விசிறி ஓடாத அறை. குமாஸ்தா படிவத்தை நிரப்பி வைத்திருந்தார். கடைசியாக ஒரே கேள்வி. “தாய் இந்தப் பிள்ளையை ஒரேயடியா விட்டுட்டாளா, இல்ல பாத்துக்கச் சொல்லிட்டுப் போனாளா?” தலையாட்டி இரண்டுக்கும் தலையாட்டினார். குமாஸ்தா என்னைப் பார்த்தார். குழந்தை என் மடியில் உட்கார்ந்து அவருடைய முத்திரைக் கட்டையை எட்டி எடுக்கப் பார்த்தாள். வாயைத் திறந்தேன், “தெரியாது” என்று வந்தது.

“சிஸ்டர், ஒரு ‘ஆமா’ போதும்” என்றார் அண்ணன்.

“எனக்குத் தெரியாதுண்ணே.”

தெரியாததைத் தெரியும் என்று கையெழுத்துப் போட முடியாது என்று குமாஸ்தாவே காகிதத்தை மடித்துவிட்டார். நான் செய்தது சரி என்று அப்போது எனக்கு ஒரு துளிகூடத் தோன்றவில்லை. உன் முகம்தான் தோன்றியது. குழு கிளம்பியது, நான் இருந்துவிட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியாததால் இருந்தேன், துணிச்சலால் இல்லை.

போன வெள்ளிக்கிழமை லாரி வந்தது. கடைசியாக இறங்கினாள். கறுத்து, கன்னம் ஒட்டிப்போய். குழந்தைக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறியது. அவள் பிடுங்கவில்லை. கீழே உட்கார்ந்து தன் மூட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள், குழந்தை இருப்பதே தெரியாத மாதிரி. கொஞ்ச நேரத்தில் அவள் குரலுக்கு இது தலையைத் திருப்பியது. பிறகு இறங்கி, பிடித்துப் பிடித்து நடந்து போய் அவள் முதுகில் சாய்ந்தது. அப்போதுதான் அவள் அழுதாள். நானும்.

தண்ணீர்க்காரியை வைத்துக் கேட்டேன், அன்றைக்கு என்ன சொன்னாய் என்று. அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. இரண்டாம் தடவை கேட்டதும் சிரித்தாள். “பெத்த பிள்ளையை யாராவது குடுப்பாங்களான்னு கேக்குறா” என்றாள் தண்ணீர்க்காரி.

“அப்போ ஏன் என்கிட்ட விட்டா?”

“மத்தவங்க எல்லாம் போட்டோ எடுத்துக்கிட்டு அங்க இங்க போய்க்கிட்டே இருந்தாங்களாம். நீங்க மட்டும்தான் அந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கலையாம்.”

அவ்வளவுதான், குட்டி. கர்த்தர் அனுப்பியது, நான் பாத்திரமானவள் என்றெல்லாம் இல்லை. எனக்கு ஒரு நாற்காலி இருந்தது.

உனக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் வசனம் எதுவும் வரவில்லை. என் இடுப்பு இன்னும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நிற்கிறது. அடுத்த மாதம் இருபத்தெட்டாம் தேதி காலை விமானத்தில் வருகிறேன்.

உன் அக்கா

ஆகஸ்ட் 13

அக்காவுக்கு,

இது நீ கிளம்புவதற்குள் கிடைக்குமோ, கிடைக்காதோ. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

உன் கடிதத்தை இவர்தான் சத்தமாகப் படித்தார். முடித்ததும், “நல்லதுதான்” என்றார். கடைக்குப் போய் வருகிறேன் என்று கிளம்பி, வெறுங்கையோடு வந்தார். என்ன வாங்கப் போனீர்கள் என்று நான் கேட்கவில்லை.

சபையில் இன்னும் விசாரிக்கிறார்கள். “பிள்ளை எப்ப வருது?” இல்லை என்றேன். போதகரம்மா, “எல்லாம் நன்மைக்கே” என்றார்கள். யாருடைய நன்மைக்கு என்று கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு ஆராதனைக்குப் போகவில்லை.

உன்மேல் கோபம்தான். முதலிலேயே தெளிவாக எழுதியிருக்கலாமே என்று சண்டை போட, பழைய கடிதத்தை எடுத்தேன். புரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். அந்த வரிகள் என் கண்ணில் படவே இல்லை, அக்கா. பிறகு யாரிடம் சண்டை போடுவது என்று தெரியாமல் பாத்திரங்களை எல்லாம் இறக்கிக் கழுவினேன்.

நேற்று அந்தப் பெண்ணுக்காக ஜெபிக்க உட்கார்ந்தேன். நல்லபடியாகத்தான் ஆரம்பித்தேன். நடுவில், அந்த லாரி வழியிலேயே பழுதாகி நின்றிருக்கக் கூடாதா என்று வந்தது. எழுந்துவிட்டேன். பிறகு அடுப்பு வேலை செய்யும்போது, அந்தக் குழந்தை போய் அவள் முதுகில் சாய்ந்ததையே நினைத்துக்கொண்டிருந்தேன். அது நடக்காமல் போயிருக்க வேண்டும் என்று எவ்வளவு முயன்றும் நினைக்க முடியவில்லை. எனக்கு என்னவென்று தெரியவில்லை, அக்கா. நான் நல்லவளா, கெட்டவளா என்றே தெரியவில்லை.

இருபத்தெட்டாம் தேதி விமான நிலையத்துக்கு வருவேனா என்று இப்போது சொல்ல முடியாது. இவர் வருகிறேன் என்கிறார். நான் அன்றைக்குக் கடைக்கு விடுப்புச் சொல்லியிருக்கிறேன், எதற்கென்று சொல்லவில்லை. ஒருவேளை நான் வாசலில் நின்றால், விளக்கம் எதுவும் சொல்லாதே. மன்னிப்பும் கேட்காதே, நானும் கேட்க மாட்டேன். பெட்டியை என் கையில் கொடு. பஸ் நிறுத்தம்வரை பேசாமல் நடப்போம்.

குட்டி