புளி போட்டுத் தேய்த்த காசுகள்

அக்கா,

இன்று காலை என் மருமகள் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள். அந்த வாடைக்கு நீங்கள்தான் நினைவுக்கு வந்தீர்கள். நீங்கள் போய் இத்தனை வருடமாகியும் என் கோபம் ஆறவில்லை.

மலைமேல் பெரக்கரை நாட்டில் நம் காட்டில் மரவள்ளிக்கிழங்கு தோண்டும்போது, என் கொத்து பட்டுத்தான் அந்தக் கலயம் உடைந்தது. உள்ளே பச்சைக் களிம்பேறிய செப்புக்காசுகள். மூத்த மருமகள் என்று நீங்களே எடுத்து வைத்துக்கொண்டீர்கள். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பாதியை நான் ஒளித்துவிட்டேன் என்று சொல்லி, மாமனாரும் அக்கம்பக்கத்தாரும் பார்க்க, வாசலில் நிறுத்திச் சேலையை உதறச் சொன்னீர்கள். உதறினேன். ஒன்றும் விழவில்லை. நீங்கள் திரும்பி உள்ளே போய்விட்டீர்கள்.

மறுநாள் அதே குழியில், ஒரு மண்கட்டிக்குள் இன்னொரு காசு இருந்தது. யாருக்கும் காட்டவில்லை.

அப்போது மலைக்கு பஸ் கிடையாது. மிளகு மூட்டையோடு புளியஞ்சோலைக்கு இறங்கியபோது, பழங்காசு சேர்க்கும் மிளகு வியாபாரியிடம் விசாரித்தேன். புளி, மணல் எதுவும் கூடாது. நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, இளகிய மண்ணை மட்டும் மூங்கில் குச்சியால் மெல்ல எடுத்து, நிழலில் உலர்த்த வேண்டும் என்றார். பச்சை இருந்தால் இருக்கட்டும், தேய்த்தால் எழுத்து போய்விடும் என்றார். உங்களிடமும் காசு இருப்பதைச் சொன்னேன்; உங்களுக்கும் இதையே சொல்லச் சொன்னார்.

திரும்பி வந்ததும், காசை வியாபாரி வாங்குவாரா, எப்படித் துலக்குவது என்று நீங்களே கேட்டீர்கள்.

"புளியும் மணலும் போட்டு நல்லாத் தேய்ங்கக்கா. பளபளன்னு இருந்தாத்தான் வாங்குவாராமுங்க" என்றேன்.

மூன்று நாள் தேய்த்தீர்கள். விரலெல்லாம் புண். நான் அடுப்படியில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் இருவரும் இறங்கினோம். அவர் உங்கள் காசுகளைப் புரட்டிப் பார்த்தார். "எல்லாத்தையும் வழிச்சுட்டீங்களேம்மா, இது வெறும் செம்புதானுங்க" என்று திருப்பிக் கொடுத்தார். அப்போதுதான், அவர் சொன்னபடி தண்ணீரில் ஊறவைத்து எடுத்த என் காசை அவர் கையில் வைத்தேன். ஒரு பக்கம் யானை, மறுபக்கம் எழுத்து, தெளிவாக இருந்தது. உங்கள் முகம் செத்துப்போனதைப் பார்க்க எனக்கு இனித்தது, அக்கா.

மலை ஏறும்போது பாதி வழியில் நின்றீர்கள்.

"தெரிஞ்சேதான் சொன்னியா, கண்ணு?"

"ஆமாங்கக்கா. ஊரு பார்க்கச் சேலைய உதறச் சொன்னீங்களே, அதுக்குத்தானுங்க."

நீங்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் ஏறிப் போனீர்கள். அதன்பின் சாகும்வரை ஒரே ஊட்டில், ஒரே அடுப்பில் சோறாக்கினோம். தப்புச் செய்துவிட்டேன் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அன்றே நானும் சொல்லியிருப்பேன். நீங்கள் சொல்லாமலே போய்விட்டீர்கள். போய்விட்டீர்கள் என்பதற்காக இன்றும் நான் முதலில் சொல்வதாக இல்லை.