கதவைத் திறக்க மட்டும்

வீட்டுத் தரகில் பெரிய லைசென்ஸுக்குப் படிக்க வெளியூர் போயிருக்கும் மகனுக்கு, அப்பா வாயால் சொல்ல, நம் ஆபீசுக்குக் கீழே கடை வைத்திருக்கும் தையல்காரர் எழுதும் கடிதம். நீ சுகமாக இருப்பாய் என்று நம்பி மேலே சொல்கிறேன். மருமகளிடம் எழுதச் சொல்லவில்லை. அவள் என் பேச்சைத் துவைத்துக் காயப்போட்டுத்தான் எழுதுவாள்.

அவளுக்கு இருமல் நின்றுவிட்டது. உன் மகளுக்கு முன்பல் விழுந்து, சிரிக்கமாட்டேன் என்கிறாள். ஆபீஸ் மின்விசிறி பழையபடி கத்துகிறது. கண்ணாடி போட்டு மாட்டிவிட்டுப் போனாயே உன் லைசென்ஸ், அதைத் தினமும் நான்தான் துடைக்கிறேன்.

துடைக்கும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது. விற்கிறவனையும் வாங்குகிறவனையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து நாற்பத்தோரு வருஷம் முடித்துக் கொடுத்தவன் நான். இப்போது அதற்குத் தொண்ணூறு மணிநேர வகுப்பாம், நூறு கேள்விப் பரீட்சையாம், போலீஸில் நன்னடத்தைச் சான்றிதழாம். அந்த லைசென்ஸையும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டுமாம். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களிடம் பத்து விரல் ரேகையும் வாங்குகிறார்கள். ஆயுசு முழுக்க ரேகை வைத்தவனை மட்டும் வேண்டாம் என்கிறார்கள்.

லைசென்ஸ் இல்லாத என்னை மாதிரி ஆள் கதவைத் திறக்கலாம், விளக்கைப் போடலாம். வீட்டைப் பற்றி யார் கேட்டாலும் வாய் திறக்கக்கூடாது. போகும்போது நீ இரண்டு தடவை சொன்னாய். நானும் தலையாட்டினேன்.

வாய்க்கால் ஓரத்துக் கடைசி வீடு விற்பனைக்கு வந்தது. குறை எதுவும் இல்லை என்று வீட்டுக்காரர் படிவம் எழுதிக் கொடுத்தார். உன் இடத்தில் நீ உட்காரவைத்துவிட்டுப் போன, எந்நேரமும் கழுத்தில் டை தொங்கும் டைக்காரன், அவனும் லைசென்ஸ் வாங்கினவன்தானே, படிவத்தைப் பார்த்தான், சுவரைப் பார்க்கவில்லை. நீ மூன்றாம் வகுப்பில் கையை முறித்துக்கொண்ட வருஷம் அந்தப் பின்னறையில் ஜன்னல் விளிம்புவரை தண்ணீர். உன் தங்கை பிறந்த வருஷம் மறுபடி. மூன்று வருஷத்துக்கு முந்தைய மழையில் கட்டில் மிதந்தது. அதை வெளியே இழுத்த நாலு பேரில் நானும் ஒருவன். இப்போது அங்கே புதுப் பெயிண்ட், சுவரை ஒட்டி ஓர் அலமாரி.

பார்க்க வந்தவர்கள் புருஷனும் பெண்டாட்டியும். அவளுக்கு ஏழு மாதம். டைக்காரனை விட்டுவிட்டு என்னிடம், "ஐயா, மழைக்குத் தண்ணி உள்ள வருமா?" என்று கேட்டாள். அவன் முந்திக்கொண்டு, "அவரு கதவு திறக்கறவரும்மா, அவர்கிட்ட கேக்காதீங்க" என்றான். நான் சுவிட்சுப் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன். அன்றைக்குச் சட்டத்தை மதித்தேன்.

அடுத்த வாரம் மறுபடி வந்தார்கள். தொட்டிலைப் பின்னறையில் போடலாம் என்று அவள் முழம் போட்டுப் பார்த்தாள். நான் அலமாரியை நகர்த்தினேன். உப்பிப்போன சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். எந்த வருஷம் எவ்வளவு தண்ணீர் என்று வரிசையாகச் சொன்னேன். "பெருசு, லைசென்ஸ் போயிடும்" என்று டைக்காரன் பல்லைக் கடித்தான். "போனா என்னோடது இல்லையே" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடையது என்று உறைத்தது.

அவர்கள் வாங்கவில்லை. வீட்டுக்காரர் புகார் எழுதிப் போட்டார். டைக்காரன் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். புகார் நகலில் அவன் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று தையல்காரர் சொல்கிறார். நேற்று லைசென்ஸ் கொடுக்கிற ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது. லைசென்ஸ் இல்லாத ஆளைப் பேசவிட்டதற்கு உன் லைசென்ஸை ஏன் நிறுத்தக்கூடாது என்று பதினைந்து நாளில் நீ பதில் சொல்ல வேண்டுமாம். அந்த வீட்டில் தண்ணீர் வந்ததா இல்லையா என்று அதில் ஒரு வரி இல்லை. இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். இவர்கள்தான் ஊருக்கு நேர்மையைச் சொல்லித்தருகிறவர்கள்.

நோட்டீஸை இதோடு வைத்திருக்கிறேன். பதிலில் அப்பா என்ற சொல்லே வரவேண்டாம். கதவு திறக்க ஒரு கிழவனை வைத்திருந்தேன், சொன்னதைக் கேட்கவில்லை, நிறுத்திவிட்டேன் என்று எழுது. சாவிக்கொத்தை மருமகளிடம் கொடுத்துவிட்டேன். முதுகுவலி என்று சொன்னேன், நம்பிவிட்டாள். எனக்காக வாதாடி நாலு பக்கம் எழுதிவிடாதே. நான் செய்தது தப்பு என்று நீ எழுதிக்கொள். என்னைச் சொல்லச் சொல்லாதே.

வகுப்பைப் பாதியில் விட்டு ஓடி வராதே. நேரத்துக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தில் மட்டும்,
உன் அப்பா