சமத்துப் பிள்ளை

மார்ச் 4

பாப்பாவுக்கு இன்று ஆறாம் நாள். குடிக்கிறாள், தூங்குகிறாள், அவ்வளவுதான். நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, "என்ன சமத்து! என் பசங்க ரெண்டு பேரும் வீட்டையே ரெண்டாக்குனானுங்க. நீ கொடுத்து வச்சவ" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மார்ச் 6

பாப்பாவின் இடுப்புத் துணியில் செங்கல் நிறத்தில் கறை. நாத்தனாரிடம் காட்டினேன். "சூடு, வேற ஒண்ணுமில்ல." இன்று முழுக்க இரண்டே துணிதான் நனைந்தது. துவைக்கிற வேலை மிச்சம் என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மார்ச் 7

மார்பில் வைத்த இரண்டாம் நிமிடமே கண் சொக்கிவிடுகிறது. வயிறு நிறைந்ததா? எப்படித் தெரியும்? யாரைக் கேட்டாலும், "பசிச்சா அழமாட்டாளா?" அவள் அழவில்லை. அப்படியென்றால் சரிதான்.

மார்ச் 8

பத்தாம் நாள் பரிசோதனை. நர்ஸ் எடை பார்த்தார். தராசைச் சரிசெய்து இன்னொரு தரம் பார்த்தார். பிறந்தபோது மூன்று கிலோ நூறு. இப்போது இரண்டு அறுநூறு.

"ஏம்மா, பிள்ளை அழவே இல்லையா?"

"இல்லைங்க, ரொம்பச் சமத்து."

"அழத் தெம்பில்லம்மா அவளுக்கு."

வார்டில் சேர்த்துவிட்டார்கள். நரம்பு கிடைக்காமல் காலில் நாலு இடத்தில் குத்தினார்கள். அப்போதும் முனகத்தான் செய்தாள்.

மார்ச் 9

நூல் மில்லில் எடை பார்க்கிறவள் நான். பத்து கிராம் குறைந்தாலும் திருப்பி அனுப்புவேன். பெற்ற பிள்ளை அரைக்கிலோ கரைந்திருக்கிறது — நான் தூக்கித் தூக்கி வைத்த இதே கையில். தெரியலையே. பத்து நாளா பட்டினி போட்டிருக்கேன். பெருமை வேற அடிச்சிக்கிட்டேன். என்ன பொம்பள நான்?

மார்ச் 10

தாய்ப்பால் எடுக்கும் பம்பில் அரைமணி நேரம். பாட்டிலின் அடி மட்டும் நனைந்தது.

மார்ச் 13

பவுடர் பாலில் எடை ஏறுகிறது. என் வீட்டுக்காரர்தான் கொடுக்கிறார். நான் மாட்டேன் என்றுவிட்டேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 15

நாத்தனார் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். "நான்தானே சமத்து சமத்துன்னேன்."

மார்ச் 18

வீட்டுக்கு வந்தாயிற்று. எனக்குப் பால் நின்றேவிட்டது.

மார்ச் 26

அவர் வேலைக்குப் போனபிறகு நாத்தனார் பால் கரைத்து, என் மடியில் பிள்ளையையும் கையில் பாட்டிலையும் வைத்துவிட்டு, வெளியே போனார். எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேனோ. அவளே வாயைத் திறந்து தேடினாள். கொடுத்தேன்.

கால்வாசி மிச்சமிருக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி வைத்தேன். நாக்கால் தள்ளினாள்.

"போதுமா? நிஜமாவா?"

முஷ்டியாய் இறுகியிருந்த அவள் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

மீதிப் பாலைக் கொட்ட மனம் வரவில்லை. இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது.